அனுப்பாத சீமெந்தை அனுப்பியதாக உறுதி செய்துவிட்டால்

11.02.2025, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

திருகோணமலை நகரில் கட்டடப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் கணக்கு வேலை செய்கிறேன். கிண்ணியா வாடிக்கையாளர் ஒருவர் 200 பை சீமெந்துக்குக் கட்டளை கொடுத்திருந்தார். முதல் நடையில் லொறியில் போனது 20 பை மட்டுமே. மென்பொருளில் எண்ணிக்கையைத் திருத்தாமல் உறுதிப் பொத்தானை அழுத்திவிட்டேன். 200 பையும் அனுப்பப்பட்டதாகப் பதிவாகிவிட்டது. இப்போது இரத்துச் செய்யும் பொத்தானே திரையில் இல்லை. முதலாளி பார்ப்பதற்கு முன் இந்தப் பதிவை அழிப்பது எப்படி?

11.02.2025, இரவு

அழிக்க முடியாது. முதலாளி பார்த்தால் பார்க்கட்டும்.

நீங்கள் முதலில் சொல்ல வேண்டியவை இரண்டு. மீதி 180 பையும் களஞ்சியத்தில் இருப்பதை நேரில் போய்க் கண்ணால் பார்த்தீர்களா? 200 பைக்கும் விலைப்பட்டியல், அதாவது பணம் கேட்கும் இன்வொய்ஸ், வெளியே போய்விட்டதா? பொருள் அசையாமல் பதிவு மட்டும் அசைந்திருந்தால் அது ஒரு நோய், பொருளும் அசைந்திருந்தால் வேறு நோய், விலைப்பட்டியலும் கூடவே போயிருந்தால் இரண்டுக்கும் மருந்து மாறும்.

பதிவு மட்டும்தான் பிழை என்றால் அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இருப்புத் திருத்தப் பக்கத்தைத் திறந்து 180 பையைக் கூட்டிவிடுங்கள். மத்திய வீதியில் நான் வேலை பார்க்கும் கடையில் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தோம். நாளை போயா விடுமுறை. இருந்து விரிவாக எழுதுகிறேன்.

12.02.2025

நேற்று எழுதியதில் கடைசிப் பந்தியை யாரும் பின்பற்ற வேண்டாம். எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் அந்த வழியால் நாங்கள் பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இருப்புத் திருத்தத்தில் 180 பையைக் கூட்டினால் களஞ்சியத்தின் எண்ணிக்கை சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் கிண்ணியாக் கட்டளை 200 பையும் கொடுத்து முடிந்த கட்டளையாகவே நிற்கும். அடுத்த நடைக்கு என்ன பாக்கி என்று பார்க்கும் லொறியில் பொருள் ஏற்றும் பகுதிப் பையனுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. கொடுத்த அளவுக்கு விலைப்பட்டியல் போடும் முறை உங்களிடம் இருந்தால் மாத முடிவில் மென்பொருள் தானாகவே 200 பைக்கும் பணம் கேட்கும். போதாக்குறைக்கு, வானத்திலிருந்து விழுந்த 180 பை இலாப நட்டக் கணக்கில் இருப்பு மிகை என்று ஒரு வரியாகப் போய் உட்காரும். கணக்காய்வாளர் அந்த வரியில்தான் விரலை வைப்பார். எங்களிடம் வைத்தார்.

சரியான வழி, பிழையான அந்த அனுப்பலையே திறந்து, அதிலிருந்து புறப்படும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போடுவதாகும். பெயர்தான் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஒடூ மென்பொருளில் உறுதி செய்யப்பட்ட அனுப்பலை இரத்துச் செய்ய முடியாது. அந்த ஆவணத்திலேயே இருக்கும் ரிட்டேர்ன் பொத்தானை அழுத்தி, எண்ணிக்கைக் கட்டத்தில் 180 என்று போட வேண்டும். மைக்ரோசொஃப்ட்டின் பிசினஸ் சென்ட்ரலில் பதிவான அனுப்பலின் வரியைத் தெரிந்து அன்டூ ஷிப்மென்ட் கொடுத்தால் அதற்குக் கீழேயே மறை (மைனஸ்) எண்ணிக்கையுடன் திருத்த வரி ஒன்று தோன்றும். ஆனால் அது அந்த வரி முழுவதையும் திருப்பிவிடும், 200 பையும் திரும்பிய பின் 20 பையைப் புதிதாக அனுப்பியதாகக் காட்ட வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் விநியோகக் குறிப்பை இரத்துச் செய்து அமென்ட் கொடுத்தால் பழைய எண்ணின் பின்னால் 1 ஒட்டிய புதிய குறிப்பு திறக்கும். எஸ்.ஏ.பி. பயன்படுத்தும் பெரிய இடங்களில் பொருள் வெளியேறும் அசைவுக்கு 601 என்ற எண்ணும் அதைத் திருப்பும் அசைவுக்கு 602 என்ற எண்ணும் உள்ளன. திருப்பும் திரையின் குறியீடு வீ.எல்.09.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடப் பழைய பதிவைத் துடைப்பதில்லை. எல்லாமே பிழையை அப்படியே விட்டுவிட்டு அதன் எதிரில் இன்னொன்றை எழுதுகின்றன.

13.02.2025

கேள்வி கேட்டவர், ரிட்டேர்ன் அழுத்தியும் இருப்பு ஏறவில்லை என்கிறார். திரும்பல் ஆவணம் உருவாகியிருக்கும், ஆனால் அதுவும் உறுதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதற்குள் போய் அதையும் உறுதி செய்யுங்கள். இந்த முறை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு.

ரிட்டேர்ன் அழுத்தியதும் திறக்கும் சாளரத்தில், கட்டளையில் கொடுத்த அளவையும் குறைக்கவா என்று ஒரு சிறிய கட்டம் பதிப்புக்கேற்ற பெயரில் இருக்கும். அதில் அடையாளம் இடாவிட்டால் களஞ்சியம் மட்டும் திருந்தும், கட்டளை திருந்தாது. அதாவது 11ஆம் திகதி இரவு நான் சொன்ன பிழையான வழியிலேயே சுற்றி வந்து நிற்பீர்கள்.

13.02.2025, மாலை

உறுதிப் பொத்தானை அழுத்தியவுடன் வாடிக்கையாளருக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும் வசதி அவருடைய கடையில் இருக்கிறதாம். 200 பை வந்து சேர்ந்ததாகக் கிண்ணியா ஹாஜியாருக்குச் செய்தி போயிருக்கிறது. அவர் உடனே தொலைபேசியில், "தம்பி, கணினி அனுப்பின சீமெந்த எந்தக் கணினியில இறக்குற?" என்று கேட்டாராம்.

எதிர்ப்பதிவு போட்டால் அந்தக் குறுஞ்செய்தி திரும்பி வராது. அதற்குத் தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான்.

16.02.2025

இந்த மாதம் 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அன்று எங்கள் கடையில் நடந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கு பாணந்துறையில், கணக்குப் பிழைத்தது திருகோணமலையில்.

ஞாயிறு எங்களுக்கு அரைநாள் வேலை. குச்சவெளிக்குப் போகும் 40 பைக்கான அனுப்பலை எங்கள் பையன் உறுதி செய்த அந்தக் கணத்திலேயே திரை இருண்டது. எங்கள் மென்பொருள் இணையத்தின் மறுகரையில், வேறு நாட்டில் உள்ள வழங்கியில் இயங்குகிறது. மின்சாரம் போனது நமக்கே தவிர அதற்கு அல்ல. அவன் அழுத்திய உறுதி இருட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் திரும்பி வரவில்லை. மின்சாரம் வந்த பிறகு அவன் பதிவைத் தேடிப் பார்க்கவில்லை. பதியாமல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கட்டளையைப் புதிதாக அடித்து மறுபடியும் உறுதி செய்தான். அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு இருந்ததால் யாரும் அமைதியாக இருந்து எதையும் ஒப்பிடவில்லை.

இதை வெளியே கொண்டுவந்தது கணினி அல்ல. பாலையூற்றுக் களஞ்சியத்தில் இன்னமும் சீமெந்து அடுக்கின் தலைமாட்டில் தொங்கும் பின் காட், அதாவது வந்ததையும் போனதையும் கையால் எழுதும் இருப்பு அட்டை. அதை எழுதும் பெரியவர் கணினியை நம்புவதில்லை, நாங்கள் அவரைக் கேலி செய்வது வழக்கம். புதன் கழிந்த பிறகு அவர் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "உங்கட கணக்கில நாப்பது பை குறையுது, என்ர கணக்கில குறையேல்ல" என்றார்.

இரட்டைப் பதிவைத் திருத்தும்போது எதைத் திருப்புவது என்ற கேள்வி வரும். பிந்தியதைத் திருப்புவதுதான் வழக்கம் என்று நினைத்து நான் அதைத் திருப்பப் போனேன். ஆனால் சாரதி பொருளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது பிந்திய ஆவணத்தின் எண், ஏனென்றால் மின்சாரம் வந்த பிறகு அச்சடித்தது அதைத்தான். கையெழுத்துள்ள ஆவணம் நிற்க வேண்டும். மற்றதைத் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு அதன் தாய்க் கட்டளையையும் மூட மறக்கக் கூடாது, இல்லையென்றால் 40 பை இன்னும் பாக்கி என்று அது மறுநாளே எழுந்து நிற்கும்.

23.02.2025

கேள்வி கேட்டவரின் கடையில் நடந்த இன்னொன்றை இன்றுதான் சொன்னார். பிழையான பதிவு நின்ற அந்த நாள்களில் திரையில் 100 பைதான் இருந்தது, களஞ்சியத்தில் இருந்ததோ 280 பை. கன்னியாவில் வீடு கட்டும் ஒருவர் 150 பை கேட்டு வந்தபோது விற்பனையாளர் திரையைப் பார்த்து இல்லை என்று அனுப்பிவிட்டாராம். இப்படிப் போன வியாபாரம் எந்தப் பேரேட்டிலும் விழாது.

கணக்கில் விழுவதைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பலரும் எண்ணிக்கை சரியானால் எல்லாம் சரி என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவருடைய எண்களையே எடுத்துக்கொண்டு, விலையை மட்டும் கணக்குக்காக நானே வைக்கிறேன். ஒரு பை 1,900 ரூபாய்ப்படி 300 பை இருந்தது. 20 பை உண்மையாகவே போனது. 180 பை போனதாகப் பிழையாகப் பதிவானது. திரையில் மீதி 100 பை, பெறுமதி 190,000 ரூபாய். இந்த நிலையில் பை 2,000 ரூபாய்ப்படி புதிதாக 200 பை வந்து இறங்குகிறது. இப்போது 300 பை, பெறுமதி 590,000 ரூபாய், சராசரிக் கிரயம் 1,966 ரூபாய் 67 சதம்.

அதன் பிறகே பிழை தெரியவந்து 180 பையைத் திருப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பதிவு பழைய அனுப்பலோடு கட்டப்பட்டிருந்து, போன கிரயமாகிய 1,900 ரூபாய்க்கே 180 பையும் திரும்பினால் மொத்தம் 480 பை, 932,000 ரூபாய். பிழையே நடந்திராவிட்டாலும் இதே தொகைதான் வந்திருக்கும். 280 பை 532,000 ரூபாய், அதோடு புதிய 400,000 ரூபாய். இதையே இருப்புத் திருத்தத்தால் கூட்டினால் மென்பொருள் அன்றைய சராசரியை எடுக்கும். 180 பை 354,000 ரூபாய்க்கு ஏறும், மொத்தம் 944,000 ரூபாய் ஆகும். ஒரு பை சீமெந்தும் கூடாமல் 12,000 ரூபாய் கூடிவிட்டது. அந்த 12,000 ரூபாய் இலாபமாகத் தெரியும், அதற்கு வரியும் கட்டலாம்.

பிசினஸ் சென்ட்ரலின் அன்டூ, போன கிரயத்திலேயே திருப்பும். உங்கள் மென்பொருள் எப்படிச் செய்கிறது என்பதை ஒரு பை ஆணியை வைத்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். கையேட்டை வாசிப்பதைவிட அது விரைவு.

24.02.2025

நேற்றைய கணக்கில் ஓர் ஓட்டை. புதிய சரக்கு வந்ததற்கும் பிழையைத் திருப்பியதற்கும் இடையில் ஒன்றும் விற்கவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். சீமெந்துக் கடையில் அப்படி ஒரு நாள் இருக்குமா?

இடையில் 60 பை விற்றிருந்தால் அவை 1,966 ரூபாய் 67 சதக் கிரயத்தில் வெளியேறியிருக்கும். வெளியேறியிருக்க வேண்டிய கிரயம் 1,941 ரூபாய் 67 சதம். பைக்கு 25 ரூபாய், 60 பைக்கு 1,500 ரூபாய். போன கிரயத்திலேயே திருப்பினாலும் இந்த 1,500 ரூபாய் விற்பனைக் கிரயத்தில் கூடுதலாகவும் கையிருப்பில் குறைவாகவும் மாட்டிக்கொண்டு நிற்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் பழைய பதிவு ஒன்றை இரத்துச் செய்தால் அதற்குப் பிந்திய அசைவுகளின் பெறுமதியை மறுபடியும் ஓட்டிக் கணக்கிடும். அப்படிச் செய்யாத மென்பொருளில் இந்தத் தொகையை நாளேட்டில் கையால் எழுத வேண்டும், அல்லது சிறு தொகை என்று விட வேண்டும். நாங்கள் விடுகிறோம். பிழையை அன்றன்றே பிடித்தால் விட வேண்டிய தொகையும் சிறியதாகவே இருக்கும்.

03.03.2025

அழிக்க வழியில்லாத மென்பொருள் எதற்கு என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். டாலியில் போய் விநியோகக் குறிப்பைத் திறந்து மாற்றலாமே, நீக்கலாமே என்கிறார். மாற்றலாம்தான். ஆனால் இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்று விதி வந்தபின், டாலியிலும் திருத்தப் பதிவோடு கூடிய பதிப்பு இருக்கிறது. யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பதெல்லாம் அதில் நிற்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கணினி இல்லை. மூன்று தாள் பில் புத்தகம், இடையில் காபன். வெள்ளை வாடிக்கையாளருக்கு, இளஞ்சிவப்பு கணக்குக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே. பிழையாக எழுதிவிட்டால் தாளைக் கிழிக்கக் கூடாது. மூன்று தாளையும் சேர்த்து வைத்து மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு, நடுவில் இரத்து என்று எழுதி, புத்தகத்தோடு குத்தி வைக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் பழைய முதலாளி அந்த எண் எங்கே என்று கேட்பார், கிடைக்கும்வரை கேட்பார். அந்தப் பயத்தில் வளர்ந்த எனக்கு ஒடூவும் எஸ்.ஏ.பியும் செய்வது விசித்திரமாகவே படவில்லை.

10.03.2025

மூதூரிலிருந்து எழுதும் நண்பர், ஒடூவில் அன்லொக் என்று ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து 200ஐ 20 ஆக்கினால் ஒரு வரியில் வேலை முடியுமே, எதற்கு இவ்வளவு சுற்று என்கிறார். அதிகாரம் உள்ள பயனாளருக்கு அது திறக்கும் என்பதும் அதில் எண்ணிக்கையை மாற்றலாம் என்பதும் உண்மை. நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நிலாவெளி விடுதி ஒன்றுக்கு 10 பை வெள்ளைச் சீமெந்து போக வேண்டியிருந்தது. மென்பொருளில் வெள்ளை என்று உறுதி செய்தோம். லொறியில் ஏறியதோ சாதாரணச் சீமெந்து. விடுதியிலிருந்து அழைப்பு வந்தவுடன் நான் பூட்டைத் திறந்து, வெள்ளையைச் சுழியமாக்கி, சாதாரணச் சீமெந்தை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். அன்று மாலை இருப்பு இரண்டும் அழகாகப் பொருந்தின. இரண்டு நாளில் லொறி அந்தப் பத்துப் பையையும் திருப்பிக்கொண்டு வந்தபோதுதான் சிக்கல்: விடுதியின் கையெழுத்து உள்ள தாளில் வெள்ளை என்று இருக்கிறது, கணினியில் அதே எண்ணின் கீழ் சாதாரணம் என்று இருக்கிறது, விடுதிக்காரர் எங்களிடம் வெள்ளை வந்ததாகக் கையெழுத்துப் போட்டேனே, நீங்கள் எதைத் திரும்ப எடுத்தீர்கள் என்கிறார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அவருடைய பிழை. தாளுக்கும் திரைக்கும் உறவை அறுத்தது என்னுடைய பிழை.

முறைப்படி மூன்று ஆவணங்கள் வேண்டும். போகாத வெள்ளைக்கு எதிர்ப்பதிவு. உண்மையில் போன சாதாரணச் சீமெந்துக்குப் புதிய அனுப்பல். அது திரும்பி வந்து களஞ்சியத்தில் இறங்கியபின் உண்மையான உட்திரும்பல். முதலாவது திரும்பலில் ஒரு பையும் அசையவில்லை, மூன்றாவதில் பத்துப் பை அசைந்தது. இரண்டும் திரையில் ஒரே மாதிரித் தெரிவதால், முதலாவதன் குறிப்பில் "பொருள் வெளியேறவில்லை, பதிவுப் பிழை" என்று எழுதும் வழக்கத்தை அன்றிலிருந்து வைத்திருக்கிறோம். இல்லையென்றால் ஆண்டு முடிவில் நிலாவெளி விடுதி அடிக்கடி பொருளைத் திருப்பும் வாடிக்கையாளர் என்று அறிக்கை சொல்லும்.

10.03.2025, பின்னர்

இப்போது யோசித்தால் மூதூர் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தாள் இன்னும் அச்சாகவில்லை, லொறி அசையவில்லை, விலைப்பட்டியல் இல்லை, அழுத்தி ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்றால் பூட்டைத் திறப்பதில் பெரிய கேடு இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் எப்போது ஐந்து நாள் ஆகிறது என்பதை அழுத்துகிறவர் கவனிப்பதில்லை.

15.03.2025

கம்பியைக் கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் விற்கும்போது வரும் பிழையைப் பற்றிக் கேட்டவருக்கு. 12 மில்லிமீற்றர்க் கம்பியின் எடையை விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்துப் பெறலாம். ஒரு மீற்றருக்கு 0.889 கிலோ, ஆறு மீற்றர்க் கம்பிக்கு 5.33 கிலோ. நாங்கள் வாங்குவது கிலோவில், விற்பது எண்ணிக்கையில். பையன் 100 கம்பி அனுப்பும்போது எண்ணிக்கைக் கட்டத்தில் 533 என்று எடையை அடித்தான். கையிருப்பு 310 கம்பி. திரையில் மறை 223. மென்பொருள் ஒரு வார்த்தை பேசவில்லை. 433ஐத் திருப்பியதும் 210 என்று சரியாக வந்தது.

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் மறை இருப்பு இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும், வேண்டுமென்றால்தான் திறக்க வேண்டும். ஒடூ இயல்பாகவே விட்டுவிடும். தடுக்கும் வசதி உங்களுடையதில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். சரக்கு வந்து இறங்கியதைப் பதியுமுன் விற்க வேண்டியிருக்கிறதே என்று விற்பனைப் பக்கத்தில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், பதிந்துவிட்டு விற்கட்டும்.

19.03.2025

விலைப்பட்டியல் போயிருந்தால் என்ன என்று முதல் நாள் நானே கேட்டுவிட்டு இதுவரை எழுதவில்லை. பிசினஸ் சென்ட்ரலில் விலைப்பட்டியல் ஆன வரியை அன்டூ செய்யவே விடாது, ஈஆர்பிநெக்ஸ்ட்டிலும் எஸ்.ஏ.பியிலும் முதலில் விலைப்பட்டியலை இரத்துச் செய்ய வேண்டும், பிறகே அனுப்பலுக்குப் போகலாம். ஏறிய ஏணியில் இறங்குவது போல, கடைசியாக வைத்த படியில்தான் முதலில் கால் வைக்க வேண்டும்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள கடையென்றால் இன்னொரு படி கூடும். பை 2,100 ரூபாய்ப்படி 180 பைக்கு 378,000 ரூபாய், 2024 ஜனவரி முதல் உள்ள 18 வீதப்படி வரி 68,040 ரூபாய். அந்த விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் கைக்குப் போயிருந்தால் அவர் அந்த 68,040 ரூபாயைத் தாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கும் உள்ளீட்டு வரியாகக் கோரக்கூடும். ஆகவே நமது திரையில் மட்டும் இரத்துச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. செலவுத்தாள், கடையில் எல்லோரும் கிறெடிட் நோட் என்று சொல்வது, அவருடைய கையில் சேர வேண்டும். அதில் மூல விலைப்பட்டியலின் எண் இருக்க வேண்டும்.

02.04.2025

மார்ச் 31 நிதியாண்டு முடிவு. இந்த ஆண்டு அதே நாளில் நோன்புப் பெருநாளும் வந்தது. கிண்ணியா, மூதூர்க் கடைகள் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமையே அரைவாசி மூடிவிட்டன. 29ஆம் திகதி மாலை எங்கள் களஞ்சியத்தில் 60 பையை லொறியில் ஏற்றி, ஏற்றியவுடன் அனுப்பியதாக உறுதியும் செய்துவிட்டார்கள். பெருநாள் முடிந்து கொண்டுவாருங்கள் என்று அதன் பிறகுதான் வாடிக்கையாளர் சொன்னார். லொறி ஏற்றியபடியே வளவுக்குள் நின்று, இன்று காலைதான் புறப்பட்டது.

31ஆம் திகதி இருப்பு எண்ணினோம். எண்ணப் போனவர்கள் அடுக்குகளை எண்ணினார்கள், லொறிக்குள் பார்க்கவில்லை. கணினியிலும் அந்த 60 பை வெளியேறிவிட்டது. கணக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தியது, எல்லோரும் மகிழ்ச்சியோடு தேநீர் குடித்தோம். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. வாடிக்கையாளரின் கைக்குப் பொருள் போய்ச் சேராத விற்பனை பழைய ஆண்டில் ஏறிவிட்டது. நேற்றிரவு படுக்கையில் லொறி ஞாபகம் வந்தது எனக்குத்தான்.

திருத்தம்: 31ஆம் திகதியிட்டு 60 பைக்கு எதிர்ப்பதிவு, அந்த நாளின் எண்ணிக்கைத் தாளில் லொறியில் இருந்த 60 பை என்று ஒரு வரி, இன்றைய திகதியில் புதிய அனுப்பல். நல்லவேளையாகப் பூட்டுத் திகதியை இன்னும் போடவில்லை. போட்டிருந்தால் பழைய திகதியில் ஒன்றும் எழுத முடியாது. கணக்காளரிடம் போய்த் திறப்புக் கேட்டு நிற்க வேண்டும்.

05.04.2025

ஏற்றியவுடன் உறுதி செய்வதா, இறக்கிய பின் உறுதி செய்வதா என்ற வாக்குவாதம் இதிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஏற்றியவுடன் என்பதே எங்கள் பழைய வழக்கம். அதற்கு எதிராக இப்போது நான் பேசுகிறேன், எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை அக்கரைக்குப் பாதையில்தான், அதாவது வாகனங்களை ஏற்றும் மிதவைப் படகில்தான், போக வேண்டும். 396 மீற்றர்த் தண்ணீரைக் கடக்க லொறி வரிசையில் அரைநாள் நின்றதும் உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் பில் புத்தகத்தில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் என்று இரண்டு கட்டம் இருந்தது, இரண்டாவதைச் சாரதி அக்கரையிலிருந்து திரும்பி வந்தே நிரப்புவார். பாலம் வந்ததும் சீனக்குடா, வெள்ளைமணல் தாண்டி நிமிடக் கணக்கில் போய்விடலாம் என்பதால் இரண்டாவது கட்டத்தை நாங்களே கைவிட்டோம். மென்பொருள் வாங்கும்போதும் ஒரே படியில் அனுப்பும் முறையைத் தெரிந்தோம். ஒடூவிலே இரண்டு படி, மூன்று படி என்று வைக்கும் வசதி உண்டு. முதற்படியில் பொருள் அடுக்கிலிருந்து வெளியேற்றும் இடத்துக்கு வரும், கடைசிப் படியில்தான் வாடிக்கையாளருக்குப் போனதாகும். 29ஆம் திகதி அப்படி இருந்திருந்தால் அந்த 60 பை நம்முடைய இருப்பிலேயே, வெளியேற்றும் இடத்தில் என்று நின்றிருக்கும்.

ஆளில்லாத சிறிய கடைக்கு இரண்டு படி பாரம் என்று சொல்வதை ஏற்கிறேன். நகருக்குள் முச்சக்கர வண்டியில் போகும் ஐந்து பைக்கு எங்களுக்கும் அது வேண்டாம். பாலம் தாண்டும் லொறிகளுக்கு மட்டும் வைக்கப் போகிறோம்.

21.04.2025

புத்தாண்டு விடுமுறை முடிந்து இன்று முதல் நடை. மூதூருக்கு 60 பை. லொறி புறப்படும்போது முதற்படியை மட்டும் உறுதி செய்தோம். பதினொரு மணிக்குச் சாரதி இறக்கி முடித்து, கையெழுத்துத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். தாளில் 59 என்று இருந்தது. ஏற்றும்போதே ஒரு பை வெடித்துவிட்டதாம். ஐயா ஏசுவார் என்று ஒருவரும் சொல்லவில்லை, லொறிக்குள்ளேயே சாக்கால் மூடி வைத்திருக்கிறார்கள்.

59 என்று மாற்றி உறுதி செய்தேன். மீதி ஒன்றுக்கு நிலுவை வைக்கவா என்று திரை கேட்டது, ஆம் என்றேன். வெடித்த பையைக் கழிவாகப் பதிய வேண்டும்; லொறி வந்து அதைக் கண்ணால் பார்த்த பிறகு பதிகிறேன்.